பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்கு வந்த ராணுவ வயது

ஆண்டுதோறும் நடக்கும் ராணுவ மறுபயிற்சியை முடித்துவிட்டு, முதுகுப்பையோடு குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கிக்குள் நுழைந்தேன். உள்ளே பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். கோயம்புத்தூர்க்காரர். வங்கியில் வேலை, குடியுரிமை வாங்காமல் குடும்பத்தோடு நிரந்தரவாசி.

"இந்த வருஷ விளையாட்டு முடிஞ்சுதா?" என்றார். இருந்த அலுப்பில் சிரித்து வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் தேக்காவில் ஒரு கடைக்குச் சாப்பிடப் போனோம். தஞ்சோங் பகாரிலிருந்து என் தம்பியும் வந்திருந்தான். கடைத் தொலைக்காட்சியில் எங்கோ ஒரு சின்ன நாட்டில் போரில் கட்டடங்கள் எரிந்துகொண்டிருந்தன.

"நம்ம நாடு தனி நாடாகி ஒரு மனுஷ ஆயுசுகூட ஆகல. நாளைக்கு இங்க இப்படி ஒண்ணு வந்தா யார் நிப்பா?" என்றேன்.

"யார் வரப் போறா?" என்ற பக்கத்து வீட்டுக்காரர், அதே மூச்சில் மகனை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். நிரந்தரவாசத்தையும் விட்டுவிடுவானாம். இங்கே பதினெட்டு வயதானால் நிரந்தரவாசிகளின் மகன்கள் உட்பட எல்லாப் பையன்களும் இரண்டு வருஷம் கட்டாயமாக ராணுவத்தில் இருக்க வேண்டும்; அடுத்த ஆண்டு அவன் முறை.

"கூடப் படிச்சவன் துப்பாக்கி தூக்கணும், இவன் ஓடிடணுமா?" என்றேன்.

அவர் இலையிலிருந்து கையை எடுத்தார். "உங்க தாத்தாவும் எங்க பக்கத்துல இருந்து வந்தவர்தானே. நீங்க ஒண்ணும் இங்கயே முளைச்சவர் இல்ல. உங்க தம்பி காலைப் பாத்த பிறகும் என் பிள்ளையை அனுப்பச் சொல்றீங்களா?"

தம்பி ராணுவத்தில் இருந்தபோது பயிற்சியில் சறுக்கி விழுந்து முழங்கால் போனது. இன்றும் சாய்ந்துதான் நடப்பான்.

"என் காலை விட்டுடுங்க லா, சார்," என்றான் தம்பி.

நான் எழுந்துவிட்டேன். "உங்களுக்கு இந்த ஊர்ச் சோறு மட்டும் வேணும்," என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் மனைவியின் முகம் செத்துப்போயிற்று. அப்போது எனக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது.

அதன்பிறகு அவர் நின்றால் நான் மின்தூக்கியில் ஏறமாட்டேன். சில மாதங்களில் அவர் குடும்பமே வீட்டைக் காலி செய்து கிளம்பியது. "ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க," என்றாள் என் மனைவி. நான் போகவில்லை. தம்பிதான் காலைச் சாய்த்துச் சாய்த்து அவர்கள் பெட்டிகளைக் கீழே லாரிவரை கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்தான்.

"அவருக்குப் பயம், அண்ணே. எனக்கும் அப்ப பயமாத்தான் இருந்துச்சு."

"பயந்தும் நீ போனியே."

"போகலேன்னா ஜெயில். அதான் போனேன்."

எனக்கு அவன்மேலும் கோபம் வந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.