வலிக்காத புண்

சவ்வரிசிப் பனையைப் பிளந்து, மாவெடுக்க உள்சோற்றை அடிக்கும்போது சாருஃபா பேசும் கேலி அக்கரைவரை கேட்கும். அப்படிப்பட்ட வாயாடி, தொடையிடுக்கில் வந்த புண்ணைப் பற்றி மட்டும் இரண்டு மழைக்காலம் மூச்சுவிடவில்லை. செக்கச்செவேலென்று சதை வளர்ந்து, துணி பட்டாலே ரத்தம் கசிந்தது. வலி மட்டும் இல்லை.

அதுதான் வினையாகிவிட்டது. எங்கள் பப்புவாக் கரையில் வலிக்கிற புண் தானாக வந்தது, வலிக்காத புண் யாரோ வைத்தது. அவள் நடை தளர்ந்து விஷயம் வெளியானதும், கணவன் இகுப்பு பக்கத்து வீட்டு விதவை ஹோக்கோவைக் கைகாட்டினான்.

"அவ குடுத்த சுண்ணாம்பத்தான் இவ பாக்குக்குத் தொட்டுக்கிட்டா. சூனியம் அதுலதான் இருந்திருக்கு."

அன்றிலிருந்து ஹோக்கோவின் சுண்ணாம்புக் குடுக்கையை ஒருவரும் தொடவில்லை. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊர்க்கூட்டம். ஊரைவிட்டு விரட்டுவார்கள். கீழ்க்கரையில் இப்படி விரட்டப்பட்டவள் உயிரோடு எங்கும் போய்ச் சேரவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் ஆகிவிடக் கூடாது. கூட்டத்துக்கு முன்பே சாருஃபாவை என் ஓடத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"வலிக்குதாக்கா?" என்றார் டாக்டர் லாஹுயி.

"இல்ல தம்பி. அதான் சூனியம்ங்கறாங்க."

"வலிக்காததுதான் இந்த நோயோட அடையாளமே."

புண்ணின் ஓரத்தில் துளி சதை கிள்ளி, கண்ணாடித் துண்டில் நசுக்கி, சாயம் ஏற்றிப் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். மூடிய ஊக்குகள் மாதிரி கிருமிகள் கூட்டமாகக் கிடந்தன.

"படுக்கையில ஒட்டுற நோய், அக்கா. புண்ணு முழுசா ஆறுற வரைக்கும் வாராவாரம் மாத்திரை போடணும். வீட்டுக்காரரும் வரணும்."

"நான் வேற யார்கிட்டயும் போனதில்ல," என்றாள் சாருஃபா.

திரும்பும் வழியெல்லாம் அவள் மாத்திரைப் பொட்டலத்தை மடியில் திருப்பிக்கொண்டே வந்தாள். வாயை மூடினால் ஹோக்கோ போவாள், திறந்தால் தன் மானம் போகும். நான் துடுப்பைப் போட்டுக்கொண்டே வந்தேன். பேசு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? போகப்போவது என் மானமில்லையே.

கூட்டத்தில் இகுப்புதான் முதலில் எழுந்து கத்தினான். அவன் முடிக்குமுன் சாருஃபா தடியை ஊன்றி எழுந்தாள்.

"எனக்கு இருக்கறது படுக்கையில வர்ற நோய். டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு. ஹோக்கோ அக்கா என் படுக்கைக்கு வரல."

யாரோ களுக்கென்று சிரித்து அடங்கினார்கள். அவள் கணவனைப் பார்த்தாள்.

"உங்க துணியத் துவைக்கறவ நான். அதுலயும் ரத்தக்கறை இருக்கு. உங்களுக்கும் வலிக்கலதானே?"

இகுப்பு இடுப்புத் துணியை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

சாருஃபா நொண்டிக்கொண்டே போய் ஹோக்கோவின் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"சுண்ணாம்பு இருக்காக்கா?"

ஹோக்கோ குடுக்கையை அவசரமாகக் கவிழ்த்ததில் பாதி பாயில் கொட்டியது. மீதியைப் பாக்கில் தொட்டு, ஊர் பார்க்க வாயில் வைத்துக்கொண்டாள் சாருஃபா.