நண்டு வாசித்த செய்தி

இருசம்மாளுக்கு மைக்கைக் கண்டால் பயம் கிடையாது. மைக்குக்குத்தான் இருசம்மாளைக் கண்டால் பயம். மீன் இறங்கும் கரையில் கூவிக் கூவிப் பழுத்த தொண்டை. முதல் நாள் அவள் "வணக்கம்"னு ஆரம்பித்ததுமே மெஷினில் பச்சையாக ஆடிக்கொண்டிருந்த விளக்கெல்லாம் ஒரே தாவலில் சிவப்புக்குப் போய்விட்டன. ஒலி பார்க்கும் நிலோஃபர் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்காலியோடு சேர்த்து அவளைச் சுவர் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"இருசக்கா, அங்க இருந்தே பேசுங்க. மைக்குக்குக் காது நல்லாவே கேக்கும்."

'ஏரிக்காற்று' சமுதாய வானொலி இருப்பது பழவேற்காட்டில், புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியில், ஒரே ஒரு அறையில். எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். ஆரம்பித்துக் கொடுத்த தொண்டு நிறுவனம் ரிப்பனை வெட்டியது, கைதட்டியது, கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. அதற்கப்புறம் ஊர்தான் ஓட்டுகிறது. விடிந்ததும் காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு என்று சொல்வார்கள். பிறகு மூன்று மதத்துக்கும் சண்டை வராமல் அளந்து பாட்டு. அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாய்ப்பாடு. அதில் ஏழாம் வாய்ப்பாடு வந்தால் ஊரே ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடும். மத்தியானத்துக்கு முன்னால் இருசம்மாளின் 'அடுப்பங்கரை'. சாயங்காலம் கல்யாண வாழ்த்து, காணாமல் போன ஆடு.

காணாமல் போன ஆட்டைப் பற்றிச் சொல்லலாம். காணாமல் போன முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லக் கூடாது. ஆடு என்றால் அறிவிப்பு, முகத்துவாரம் என்றால் செய்தி. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது என்பது சட்டம்.

முகத்துவாரம் என்பது ஏரி கடலைத் தொடுகிற வாய். அது மணலில் அடைத்துக்கொண்டால் படகு கடலுக்குப் போகாது, கடல் தண்ணீர் ஏரிக்குள் வராது, நண்டும் இறாலும் எட்டிக்கூடப் பார்க்காது. 'தங்க அலை' என்று ஒரு கம்பெனி வந்து மணலை வாரியது. வாரிய மணலைப் பக்கத்திலேயே மலையாகக் கொட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டது. காற்று திரும்பியதும் மணல் தன் வீட்டுக்குத் திரும்பி வந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. இருசம்மாளின் புருஷன் நீலமேகத்தின் படகு அன்றைக்குக் கரையேறியதுதான், இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை.

செய்திதானே கூடாது? சமைக்கலாம் இல்லையா? இருசம்மாள் சமைத்தாள்.

"இன்னைக்கு நண்டுக் குழம்பு. மொதல்ல நல்லா கனமா நாலு நண்டு எடுத்துக்கங்க. எடுத்துக்கினீங்களா? இல்லியா? ஏன் இல்ல? முகத்துவாரம் மூடிக்கினு கீது. சரி, நாளைக்குப் பாக்கலாம்."

மீதி நேரம் பாட்டு. மறுநாள் இறால் தொக்கு. அதற்கு மறுநாள் மடவை மீன் வறுவல். எதிலுமே அடுப்பு பற்றாது. உலகத்திலேயே எண்ணெய் செலவில்லாத சமையல் நிகழ்ச்சி அது ஒன்றுதான். அதை ஒரு வீட்டிலும் தவறவிட மாட்டார்கள்.

நிலைய மேலாளர் தமிழ்வாணன் மீஞ்சூரிலிருந்து பைக்கில் வருகிறவர். நல்ல மனுஷன். தும்மினால்கூட இலக்கணத்தோடு தும்முவார். மெஷின் சூடாகி அடிக்கடி படுத்துக்கொள்கிறதே என்று அலைந்து திரிந்து, அந்தத் 'தங்க அலை'யிடமே ஒரு ஏசி வாங்கி மாட்டியிருந்தார். கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? கம்பெனி அதிகாரி மோகன்குமார் 'அடுப்பங்கரை'க்கு விருந்தினராக வருகிறார், நேரலையில் நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு முகத்துவாரத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வார் என்று ஏற்பாடு.

"இம்முறை குழம்பில் நண்டு இருந்தாக வேண்டும், அம்மா. இல்லையென்றால் 'அடுப்பங்கரை' இருக்காது. உறுதியாகச் சொல்கிறேன்."

"இருக்கும் சார்."

"சத்தியமாக?"

"நண்டு ஓட்டு மேல சத்தியம்."

வீட்டில் நீலமேகம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "இன்னாமே, நம்ம வாயில மண்ணைப் போட்டவனுக்கா குழம்பு வெக்கப் போற?"

"ஆமா. எவனா இருந்தா இன்னா, வந்தவனுக்குச் சோறு போடணும்யா."

அவன் எழுந்து படகுப் பக்கம் போய்விட்டான். பொண்டாட்டி நிகழ்ச்சியைக் கேட்பதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற ஆள் அவன். ஆனால் அந்தக் காய்ந்த படகின் பலகையில் ஒரு ரேடியோ கயிறு போட்டுக் கட்டியிருக்கும். போன வாரம் இன்னா குழம்பு என்று கேட்டால் வரி பிசகாமல் ஒப்பிப்பான்.

மோகன்குமார் வருகிற அன்று காலை இருசம்மாள் ஒரு டப்பாவோடு முகத்துவாரம் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தாள். ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் நிலோஃபரிடம், "இன்னொரு மைக்கு இருந்தா தட்டுக்குப் பக்கத்துல வையி கண்ணு. சார் சாப்புடுற சத்தம் ஜனங்களுக்குக் கேக்கணும்" என்றாள்.

மோகன்குமார் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்தார். முன்னால் எவர்சில்வர் தட்டு. சோறு, சிவக்கச் சிவக்கக் குழம்பு, மேலே முஷ்டி கனத்துக்கு ஒரு நண்டுக் கொடுக்கு. அவர் குழம்பில் ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டார்.

"ஆஹா! முகத்துவாரம் திறந்ததுக்கு அப்புறம் நண்டு எப்படிக் கொழுத்திருக்கு பாருங்க! சதை அப்படியே பஞ்சு மாதிரி!"

"சதை சாப்ட்டீங்களா சார்?"

"சாப்பிட்டேன்மா. பிரமாதம்!"

"கொடுக்கை இன்னும் ஒடைக்கவே இல்லியே சார்?"

நிலோஃபர் துப்பட்டா முனையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"வெக்கப்படாம ஒடைங்க சார். எங்கூரு நண்டு."

அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த குழவியை எடுத்துத் தட்டினார். டக். அடுத்து தட்டில் ஒரு சத்தம். சர்ர்ர்ர் என்று நீளமாக, நிற்காமல். பழைய ஓட்டின் மூட்டை அடைத்திருந்த மைதா மாவு பிய்த்துக்கொண்டு, கொடுக்குக்குள் இருந்ததெல்லாம் எவர்சில்வரில் கொட்டியது. அந்த நேரத்தில் நிலோஃபரின் கை ஒலியைக் குறைக்கப் போயிருக்க வேண்டும். போனது. ஆனால் பொத்தான் மேல் பக்கமாக நகர்ந்தது.

"இது… மணல்!" என்றார் மோகன்குமார், ஊர் முழுக்கக் கேட்க.

"நீங்களே சொல்ட்டீங்க சார். முகத்துவாரத்துலேர்ந்து காலையிலதான் அள்ளினேன். ஃபிரெஷ்ஷு."

மறுநாளிலிருந்து 'அடுப்பங்கரை' நேரத்தில் புல்லாங்குழல் ஓடியது. நீலமேகம் ரேடியோவை அணைக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது. உப்புதான் இல்ல" என்றான். இருசம்மாள் திரும்பி உட்கார்ந்து வலையில் சிக்கெடுக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிலையத்துக்குப் போன் வர ஆரம்பித்தது. எடுத்தால் ஒரே கேள்வி: "சார், நண்டு எங்க?" ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல், குப்பத்துக் குரல், டவுன் குரல். ரோட்டில் தமிழ்வாணனின் பைக்கைப் பார்த்தாலும் அதே கேள்வி. அவர் தாங்க முடியாமல் நிர்வாகக் குழுவைக் கூட்டினார்.

குழுவுக்குத் தலைவர் டவுனில் மீன் வியாபாரம் பண்ணும் உமர் பாய். மற்றவர்கள் குப்பத்து ஆண்களும் பெண்களும். தமிழ்வாணன் எழுந்து நின்றார்.

"செய்தி ஒலிபரப்புவது விதிமீறல். இவர் ஒலிபரப்பியிருக்கிறார்."

"நான் எங்க சார் வாசிச்சேன்?" இருசம்மாள் இங்கே மைக் இல்லாமலேயே மைக் வைத்த மாதிரி கேட்டாள். "நான் சமைச்சேன். செய்தி வாசிச்சது நண்டு. கேஸ் போடுறதுன்னா நண்டு மேல போடுங்க."

கூட்டம் குலுங்கியது. உமர் பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"நம்ம ஸ்டேஷன்ல வந்து, நம்ம சோத்தைத் தின்னுக்கினே பொய் சொன்னாரு அந்த சாரு. அவரு வரலாம். இல்லாத நண்டை இல்லன்னு சொன்ன பொம்பளை வரக் கூடாதா, தமிழ்வாணன்?"

தமிழ்வாணன் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் முதல் தடவையாக அவருடைய இலக்கணத் தமிழின் வேட்டி அவிழ்ந்தது. "ஏசியைக் கழட்டிக்கினு பூடுவாங்க பாய். மெஷின் பூட்ச்சுன்னா ஸ்டேஷனே பூட்ச்சு. நான் எங்க போவேன்?"

அந்தப் பயம் பொய்யில்லை என்று எல்லாருக்கும் தெரியும். இருசம்மாள்தான் அவரிடம் போய் நின்றாள், குரலை இறக்கி.

"கழட்டிக்கினு போவட்டும் சார். மெஷினு சூடானா நாங்க விசிறுறோம். கரையில சும்மா குந்திக்கினு கீற கை எத்தினி வேணும்? ஆனா அவன் குளுருக்கு நாங்க வாயை மூடிக்கணும்னா, அப்புறம் ஸ்டேஷன் இருந்து இன்னா, இல்லாங்காட்டி இன்னா?"

'அடுப்பங்கரை' திரும்ப வேண்டும் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். கடைசியாகத் தூக்கியது தமிழ்வாணன்.

ஏசி போனது. அது இருந்த இடத்தில் சுவரில் சதுரமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக ஏரிக் காற்றும், காக்கா சத்தமும், பஸ் ஹாரனும் உள்ளே வந்தன. நிலோஃபர் முட்டை அட்டையை எடுத்துக்கொண்டு அடைக்கப் போனாள்.

"அது கிடக்கட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டு, இருசம்மாள் சுவர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நேரலைக்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். இன்னைக்கு நண்டுக் குழம்பு. மொதல்ல, நல்லா கனமா நாலு நண்டு…"

அவள் முடிக்கவில்லை. கீழே தெருவில், ரேடியோவைத் தோளில் மாட்டிக்கொண்டு யாரோ நின்றிருக்க வேண்டும். ஓட்டை வழியாக, காற்றோடு சேர்ந்து, ஒரு குரல் நேராக மைக்குக்குள் விழுந்தது. இருபது வருஷமாக அவளுக்குப் பழக்கமான குரல்.

"நண்டு எங்கமே?"

பின்னாலேயே தெருவே சேர்ந்து கத்தியது. மெஷினில் விளக்கெல்லாம் ஒரே தாவலில் சிவப்புக்குப் போயின. நிலோஃபர் எதையும் குறைக்கவில்லை.

இருசம்மாள் அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, மைக்கின் பக்கம் சாய்ந்தாள்.

"கேட்டுச்சா? நான் ஒண்ணும் சொல்லல."