ஜாசிராவின் சாட்சி

இது நடந்தது. உபெராபா நகரில், ஊரே தெருவில் ஆடும் கார்னிவல் திருவிழாவில், போன செவ்வாய்க்கிழமை இல்லை, போன கார்னிவலின் செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும், புளியமரம் வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் அங்கே ஒரு கருத்தரிப்பு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் எட்டு வருடம் உட்கார்ந்தவள். ஜாசிரா என்னிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன். அவளுக்குப் பொய் வராது. அதனாலேயே இரண்டு வேலையை இழந்தவள்.

ஜாசிரா படித்தது உயிரித்தொழில்நுட்பம். பதினோரு வருடம் மாட்டுப் பண்ணை லேபில் கரு உருவாக்கினாள். அவள் கை பட்ட கன்றுகள் ஆயிரக்கணக்கில் மேய்கின்றன. முப்பத்து நாலு வயதில், "மாட்டுக்கு ஆகுறது மனுஷிக்கு ஏன் ஆகாது?" என்று மறுபடி படித்து, பரீட்சை எழுதி, எங்கள் மருத்துவமனைக்கு வந்தாள்.

எங்கள் டாக்டர் ஒட்டோனியெல் அவளைக் கிண்டல் செய்வதை விடவில்லை. "என்ன ஜாசிரா, இன்னிக்கு எத்தனை கன்னு?" என்பார்.

"எத்தனையோ டாக்டர். ஒண்ணுகூட தப்பான தாய்கிட்ட போனதில்ல" என்பாள்.

அன்று ஒரே ஒரு வேலை. நெய்டே என்ற பள்ளி வேன் டிரைவர். வயது நாற்பத்து மூன்று. உறைய வைத்த கரு ஒன்றே ஒன்று மிச்சம். அது போனால் எல்லாம் போச்சு. காலை பதினொன்றுக்கு அதை அவள் வயிற்றில் வைக்க வேண்டும்.

லேபில் ஒரு விதி உண்டு. கருவை எடுப்பவர் ஒருவர். கருவை அடைத்து வைக்கும் மெல்லிய குழாயான ஸ்ட்ராவில் எழுதிய பெயரை உரக்கப் படித்து, கையெழுத்துப் போட சாட்சியாக இன்னொருவர். அன்று சாட்சியாக வரவேண்டிய லேப் உதவியாளர் வால்டெட்டின் பஸ் கார்னிவல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது.

"ஒரே பேஷண்ட். ரெண்டு கையெழுத்தையும் நீயே போட்டுடு" என்றார் டாக்டர்.

"மாட்டேன்."

"பண்ணையில யாரு சாட்சி? மாடா?"

"அங்கயும் ரெண்டு பேர்தான் டாக்டர். வேணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

அவர் முகம் சிவந்து போய்விட்டார்.

9:05. ஜாசிரா தனியாக லேபுக்குள் போனாள். மங்கிய மஞ்சள் வெளிச்சம். காற்று வடிகட்டியின் 'ம்ம்ம்' மட்டும். நெய்டேயின் ஸ்ட்ராவை உறைகுளிர்த் தொட்டியிலிருந்து எடுத்து, மேசை மேலிருந்த திரவ நைட்ரஜன் பெட்டிக்கு மாற்றினாள். அதில் பச்சைப் பட்டை.

9:12. லாவெண்டர் வாசனை. லேபுக்குள் யாரும் சென்ட் போட மாட்டார்கள். கருவுக்கு ஆகாது. சோப்பில்கூட வாசனை கிடையாது.

9:14. வெளியே கை கழுவும் சத்தம். பிறகு செருப்புச் சத்தம். டக்... டக்... டக்...

கதவு திறந்தது. தொப்பி, முகமூடி, நீல அங்கி. கண்கள் மட்டும் தெரிந்தன. இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம்.

"டாக்டர் அனுப்பினாரா?"

தலை ஆடியது. மாற்று ஆளாக்கும் என்று ஜாசிரா நினைத்தாள். கருவை வைக்கும் சூடு தட்டின் சுவிட்சைப் போடத் திரும்பினாள். இரண்டு நொடிதான். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் ஒரு ஸ்ட்ராவை நைட்ரஜனுக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெறும் விரலால்.

அந்தக் குளிரில் விரல் ஒரு கணத்தில் வெந்து போகும். இந்த விரல் அப்படியே இருந்தது.

"பேர் படி" என்றாள் ஜாசிரா.

"நெய்டே நோகெய்ரா."

பட்டை நீலமாக இருந்தது.

ஜாசிரா குனிந்து பார்த்தாள். ரோசிலேனி தவாரெஸ் என்று எழுதியிருந்தது.

"மறுபடி படி."

"நெய்டே..."

"பொய்."

முகமூடி அசையவே இல்லை... மூச்சு விட்டால் அசையுமே...

"எனக்கு வேற வழியில்ல" என்றது குரல். "ஒரே ஒரு தடவை..."

ஜாசிரா ஓடவில்லை.

"நீ யாரா வேணா இரு. ஒருத்தி பிள்ளைய இன்னொருத்திகிட்ட ஏமாத்தித் தர மாட்டேன். வெளிய போ!"

9:21. விளக்கு போனது.

ஒன்று... இரண்டு... மூன்று...

வந்தது.

யாரும் இல்லை.

பெட்டியில் கிடந்த நீலப் பட்டை ஸ்ட்ராவை அவள் தொட்டிக்குள் திருப்பி வைத்தாள். பச்சைப் பட்டை பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதன் எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

9:40க்கு வால்டெட் வந்தாள். கன்னத்தில் ஒட்டிய ஜிகினாவைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே வந்தவள், "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள்.

"பேர் படிடி."

மூன்று முறை படிக்க வைத்தாள். ஒரு ஸ்ட்ரா. ஒரு கரு. மைக்ரோஸ்கோப்பில் இரண்டு பேரும் பார்த்தார்கள். பதினொன்றுக்கு வைத்தாயிற்று. எனக்கு அன்று விடுமுறை; கட்டடத்தில் இருந்தது நாலே பேர்: டாக்டர், ஜாசிரா, வால்டெட், நெய்டே.

மறுநாள் ஜாசிரா பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். ரோசிலேனி தவாரெஸ், எங்கள் பழைய பேஷண்ட். கருவை உறைய வைத்த மறுமாதம் சாலை விபத்தில் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. புகைப்படத்தில், இடது கண்ணுக்குக் கீழே மச்சம்.

நெய்டே கர்ப்பமானாள். முதல் ஸ்கேனிலேயே இரட்டை. கரு இரண்டாகப் பிரிந்திருக்கும் என்று சந்தோஷப்பட்டார்கள். ஜூலையில் எடுத்த ஸ்கேனை நானும் பார்த்தேன். ஒன்று பெண். ஒன்று ஆண்.

ஒரு கரு பிரிந்தால் இரண்டும் பெண், அல்லது இரண்டும் ஆண். இப்படி ஆகாது. தானாகத் தரித்திருக்கவும் முடியாது. நெய்டேயின் கருக்குழாய்கள் இரண்டையும் எப்போதோ எடுத்துவிட்டார்கள்.

"வெளிய மூச்சு விடாத" என்றார் டாக்டர், ஜாசிராவிடம்.

ஜாசிரா அன்று மாலையே நெய்டே வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கெஞ்சிய குரலைக்கூட மறைக்கவில்லை. மச்சத்தையும் லாவெண்டர் வாசனையையும்தான் சொல்ல மறந்துவிட்டாள். வேலை போனாலும் போகட்டும், அவளிடம் மறைக்க மனம் வரவில்லை.

நெய்டே குனிந்து வயிற்றைத் தடவினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ரெண்டும் என்னைத்தான் உதைக்குது. ரெண்டும் என் பிள்ளைங்க. செத்தவ வந்து கேட்டாலும் தர மாட்டேன், ஆமா!"

ஜாசிராவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வாசல்வரை வழியனுப்ப வந்த நெய்டே கேட்டாள்.

"அன்னிக்கு டாக்டர் கருவை வைக்கும்போது, கண்ணை மூடிக்கிட்டு என் வயித்துமேல கை வச்சிட்டு நின்னுச்சே ஒரு நர்ஸு... கண்ணுக்குக் கீழ மச்சம். லாவெண்டர் வாசனை. அது இப்ப வேலைக்கு வருதா? பாவம், அதோட கை ஐஸ் மாதிரி இருந்துச்சு."