பூட்டிய டிரம்மில் புகைக்கறி

மூடியிருக்கும் எதையும் மூடியபடி விட்டுவைக்கச் சாவிக்காரருக்குத் தெரியாது. தொழில் கொடுத்த குணமா, அந்தக் குணம்தான் தொழிலைக் கொடுத்ததா என்று அவர் மனைவியாலேயே சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலைக் குலுக்கிப் பார்ப்பார். அடுப்பில் இருக்கும் பானையைப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை திறப்பார். யாராவது வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டுத் தெருவில் நின்றால், கூப்பிடும் முன்பே கருவிப் பையோடு போய் நிற்பார். இளவயதில் பழைய இரும்புக் கடையில் கிடந்த பூட்டுகளை வாங்கிவந்து பிரித்துப் பிரித்துக் கற்ற தொழில். கடை ஒரு கதவு அகலம்தான். ஆனாலும் அந்த வட்டாரத்தில் அவர் கை படாத பூட்டு இல்லை.

ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் கதவைத் திறந்துகொடுத்தபோது, கூலியோடு ஒரு தட்டில் புகைபோட்டு வாட்டிய மாட்டுக்கறியும் கிடைத்தது. அன்றிலிருந்து பித்துப் பிடித்தது. பழைய எண்ணெய் டிரம் ஒன்றை வாங்கி, உள்ளே தீ மூட்டி எரித்துச் சுத்தம் செய்து, படுக்கவைத்துக் கால் பொருத்தினார். மேற்பாதியை வெட்டிக் கீல் வைத்து மூடியாக்கினார். ஒரு பக்கம் சிறிய அடுப்புப் பெட்டி, மறுபக்கம் புகைபோக்கி. தீ ஒரு பக்கம் எரியும். சூடும் புகையும் மட்டும் கறியைத் தடவிக்கொண்டு வெளியேறும். அடுப்புக்குத் தனிக் கதவு உண்டு என்பதால் விறகு வைக்க மூடியைத் தொடவே வேண்டாம். கறிக்குள் செருகிய கம்பி எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்பதை வெளியே ஒரு முள் காட்டும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வேலைக்காரரிடம்தான்.

மாட்டின் நெஞ்சுக்கறி நாரும் சவ்வும் நிறைந்தது. அவசரப்படுத்தினால் செருப்புத் தோலாகும். மெல்லிய சூட்டில் நாள் முழுக்கக் கிடந்தால்தான் சவ்வெல்லாம் உருகி, கறி தானாக இளகும். நடுவில் ஒரு கட்டம் வரும். கறிக்கு வியர்க்கும், ஏறிக்கொண்டிருந்த முள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு மணி, இரண்டு மணி, சில நாள் அதற்கும் மேல். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததைத்தான் சாவிக்காரரால் செய்ய முடியவில்லை. திறப்பார், குத்துவார், புரட்டுவார். திறக்கும்போதெல்லாம் சேர்த்த சூடு அத்தனையும் காற்றில் போகும். பிறகு அதை ஈடுகட்ட விறகை அள்ளிப் போடுவார். மேலே கரி, உள்ளே கயிறு. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இவர் ஆக்கவே பொறுக்காதவர்.

மனைவிக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தைத்து வரும் சட்டைகளைப் பார்த்து, தையல் பிசகியதை ஒதுக்குவார். அவரோடு வேலை செய்யும் பெண்கள் மாறிமாறி ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிடுவது வழக்கம். போனமுறை இவர்கள் வீட்டில் கூடியபோது கறி பல்லுக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் ரொட்டியும் முட்டையும் தின்றுவிட்டுப் போனார்கள். அதற்குப் பின் தொழிற்சாலையில் அவருக்கு ‘முட்டை வீடு’ என்று பெயர். பட்டன் தைக்கும் பெண், சட்டையை அவர் மேசைக்குத் தள்ளும்போதெல்லாம், “முட்டை வீட்டுக்காரங்களே, பாத்து எடுங்க” என்பாள்.

மறுபடி அவர்கள் முறை வந்தது. மனைவி இரண்டே வாக்கியம் பேசினார்.

“இந்தத் தடவை மூடியத் திறந்தீங்கன்னா டிரம் எடைக்குப் போகுது. இரும்புக்காரர்கிட்ட சொல்லிட்டேன்.”

சாவிக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மனைவி சத்தியத்தை நம்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவசர ஆர்டருக்காக அரைநாள் வேலை இருந்தது. தோழிகளையும் அங்கிருந்தே அழைத்துவருவதாக ஏற்பாடு. அதனால் காலையில், உப்பும் மிளகும் தடவி வைத்திருந்த கறி உள்ளே போனதும், தொழிற்சாலையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு துருப்பிடித்த பூட்டை எடுத்துவந்து மூடியில் மாட்டினார். இரண்டு கையாலும் முறுக்கித்தான் சாவியைத் திருப்ப முடிந்தது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினார்.

“பூட்டுக்காரன் வீட்டுல பூட்டா?” என்று சாவிக்காரர் சிரித்தார்.

“பூட்டு உங்களுக்கில்ல. உங்க கைக்கு.”

முற்பகல் முழுவதும் அவர் நல்லபிள்ளையாக இருந்தார். கொய்யா விறகை ஒவ்வொன்றாக வைத்தார். புகை வெள்ளையாகத் திரண்டால் கறி கசக்கும் என்பதால், புகைபோக்கியில் மெல்லிய நீலம் கலையாமல் காற்றுத் துளையைச் சரிசெய்தபடி இருந்தார். முள் ஏறிக்கொண்டே வந்தது. உச்சி வெயிலில் நின்றது.

அவர் முற்றத்தைக் கூட்டினார். முள் நின்றது. சைக்கிளைத் துடைத்தார். முள் நின்றது. ஒருவேளை முள்ளே கெட்டுப்போயிருந்தால்? கம்பி நழுவி விழுந்திருந்தால்? கெட்டது முள்தானா என்று பார்ப்பது கறியைப் பார்ப்பதாகாதே என்று ஒரு நியாயம் பிறந்தது. நியாயம் பிறந்த வேகத்தில் கையில் வளைந்த கம்பி இருந்தது. இழுத்த மூச்சை விடுவதற்குள் பூட்டு திறந்துகொண்டது.

உள்ளே கறி நன்றாகத்தான் இருந்தது. கம்பியும் இடத்தில் இருந்தது. அத்தோடு மூடியிருக்கலாம். ஒரு குத்து குத்தி, ஒரு புரட்டுப் புரட்டி, ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டுத்தான் மூடினார். முள் சரசரவென்று இறங்கியது.

பூட்டைத் திரும்ப மாட்டப் போனபோதுதான் தொல்லை. திறந்தபோது அது கரகரத்த சத்தம் காதிலேயே நின்றது. அந்த நிலையில் ஒரு பூட்டை அவர் ஆயுளில் யாரிடமும் திருப்பிக் கொடுத்ததில்லை. துருவைச் சுரண்டினார், உள்ளே ஊதினார், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அழுத்தி அழுத்திப் பழக்கினார். வழுக்கிக்கொண்டு பூட்டியதும் மனம் நிறைந்தது.

தோழிகளோடு வந்த மனைவி, சாவியைச் செருகி இரண்டு கையாலும் பலமாக முறுக்கினார். பூட்டு தொட்டவுடன் திறந்ததில் தடுமாறிப் பட்டன்காரி மேல் சாய்ந்தார். நிமிர்ந்தவர் கணவரைப் பார்த்தார்.

“காலையில இது ரெண்டு கையும் கேட்டுச்சு.”

“வெயில்ல இளகியிருக்கும்.”

மனைவி விரலை மூக்கருகே கொண்டுபோனார். தையல் மெஷின்களுக்கு நடுவே பிழைப்பவருக்கு அந்த வாசனையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“வெயில் எண்ணெயும் போடுமா?”

சாவிக்காரர் விறகை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார். மனைவி இரும்புக் குச்சியால் கறியைக் குத்திப் பார்த்தார். பாதியில் முட்டி நின்றது. இன்னும் வெகுநேரம் ஆகும்.

“பரவால்லக்கா,” என்றாள் பட்டன்காரி. “முட்டை இருக்குல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. மூடியைச் சாத்தினார், பூட்டவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து டிரம்முக்கும் கணவருக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தார்.

“இப்ப என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது,” என்றார் அவர். “அதான் கஷ்டம்.”

“எனக்குக் கஷ்டமில்ல. ஓடுற மெஷின நிறுத்தி நிறுத்தித் தையலப் பாத்தா சட்டை வருமா? நீங்க தீயப் பாருங்க.”

அவர் அடுப்புக் கதவோடு நிறுத்திக்கொண்டார். பெண்கள் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு மேற்பார்வையாளரைக் கிழிகிழி என்று கிழித்தார்கள். நாற்காலி நகரவே இல்லை. வெயில் சாய்ந்தது. முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, மறுபடி நின்றது, பிறகு தானாகவே அசைந்தது. இப்போது பார்க்கலாமா என்று சாவிக்காரர் கேட்டார். பதிலுக்கு ஒரு பார்வை கிடைத்தது. விளக்குப் போடும் நேரத்தில்தான் மனைவி எழுந்து குச்சியை இறக்கினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அப்போதும் உடனே வெட்ட விடவில்லை. துண்டில் சுற்றி, சாறு அடங்கட்டும் என்று ஓரமாக வைத்தார்.

வெட்டியபோது பலகையில் சாறு மினுங்கியது. பட்டன்காரி, கருகலும் கொழுப்புமாக இருந்த ஓரத்துண்டைக் கேட்டு வாங்கி, அதைத் தின்று முடித்தபின், “அக்கா, அடுத்த முறையும் உங்க வீட்டுலயே வெச்சுக்கலாமா?” என்றாள்.

எல்லோரும் போனபின் சாவிக்காரர் சாம்பலை வாரிக்கொண்டே கேட்டார்.

“நாளைக்கு இரும்புக்காரர் வருவாரா?”

“வர வேண்டாம்னு சொல்லிடறேன்.”

அவர் முகம் மலர்வதற்குள் மனைவி தொடர்ந்தார்.

“டிரம் இருக்கட்டும். ஆனா இனிமே அது என்னுது. நீங்க விறகு வெட்டுங்க.”

இப்போது கறி போடும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாவிக்காரர் கடையைத் திறந்துவிடுகிறார். வீட்டில் இருப்பதைவிட அது சுலபம். விடுமுறை நாளிலும் கடை இருக்கிறதே என்று மக்களுக்கு மகிழ்ச்சி. சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புபவர் டிரம்மைச் சுற்றி ஒரு நடை நடப்பார், முள்ளைப் பார்ப்பார், புகையை முகர்வார். கை தானாகக் கைப்பிடிக்குப் போகும்போது நாற்காலியிலிருந்து, “ஏங்க” என்று ஒரு சொல் மட்டும் வரும். கை வந்த வழியே திரும்பிவிடும்.