மாமா சாகிற இடம்

போன வாரம் குன்னூர் மார்க்கெட்டில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் என் மகளிடமிருந்து கைபேசியில் ஒரு படம் வந்தது. திறந்து பார்த்தேன். அவளுடைய முகம்தான். கறுப்பு வெள்ளையில் சட்டம் போட்டு, சாமந்தி மாலை சாத்தி, முன்னால் விளக்கேற்றி வைத்திருந்தது. நெற்றிக்கு நேரே கண்ணாடியில் குங்குமம். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

அதன்பிறகு நடந்தது காய்க்கார அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பீன்ஸ் குவியலின்மேலேயே உட்கார்ந்துவிட்டேனாம். அவர்தான் என் கையிலிருந்த போனை வாங்கி அந்த எண்ணுக்கே அழைத்திருக்கிறார். எடுத்தது என் மகள்.

"சாரிம்மா. நாங்க எடுக்கற குறும்படத்துக்கும்மா அது. எப்படி இருக்குன்னு கேட்டு டைப் பண்றதுக்குள்ள பிரியாணி வந்துருச்சு."

அவளைத் திட்டினேனா, அழுதேனா, நினைவில்லை. என்னைத் தேற்றுவதற்கு அவள் தேர்ந்தெடுத்த ஆள் ஒரு கொரிய நடிகர். எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் அவர் பெயர் என் வாயில் நுழைவதில்லை.

"அவரோட முதல் படமே போட்டோதாம்மா," என்றாள்.

சியோல் நகரத்தில் ஏதோ ஒரு கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் ஒரு சிறிய நாடக அரங்காம். அங்கே வருஷக்கணக்கில் நடித்திருக்கிறார். காவலாளி, கிழவி, ஒரு நாடகத்தில் வெறும் மரம். பகலில் தன் நாடகத்தின் சுவரொட்டியைத் தானே ஒட்டிக்கொண்டு திரிவாராம். கடைசியில் சினிமாவில் கூப்பிட்டார்கள். போனால், செத்துப்போன அப்பாவின் போட்டோவாகச் சுவரில் மாட்டிவிட்டார்கள். கறுப்பு ரிப்பன் கட்டி. அப்படி மாட்டினால் அந்த நடிகருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அவர்கள் ஊரில் ஒரு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்களாம். அதன்பிறகு பிணம், பெயரில்லாத போலீஸ்காரர், பக்கத்து வீட்டுக்காரர். தலை நரைக்கத் தொடங்கியபோதுதான் பெயருள்ள ஒரு பாத்திரம் கிடைத்தது. இப்போது உலகம் முழுக்கத் தெரிந்த ஆள். இன்னமும் அவ்வப்போது மேடைக்குத் திரும்பிவந்து நடிக்கிறாராம்.

படிப்பு முடிந்ததும் தானும் ஒரு நாடகக் குழுவில் சேரப்போவதாக அந்தச் சூட்டிலேயே சொல்லி, போனை வைத்துவிட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் படத்தைப் போனிலிருந்து அழிக்கவும் கை வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. கொரியாக்காரரின் போட்டோ கதையைக் கேட்டதிலிருந்து எனக்கு என் மாமாவின் நினைவாகவே இருக்கிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அவரை வளர்த்தது அம்மாதான். எங்களோடுதான் இருந்தார், எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். டீ ஃபேக்டரியில் வேலை. மாரியம்மன் திருவிழாவுக்குப் போடும் நாடகத்தில் எப்போதும் அவர்தான் ராஜா. அந்த மீசைக்கு வேறு வேஷம் கொடுக்க முடியாது.

நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் சினிமா எடுக்க வந்தார்கள். கதாநாயகியின் அப்பாவாக, ஜமீன்தார் மாதிரி, ஒரு முகம் தேடினார்களாம். யாரோ மாமாவைக் காட்டியிருக்கிறார்கள். கோட்டு மாட்டி ஒரு போட்டோ எடுத்தார்கள். படத்தில் அது மாலையோடு சுவரில் தொங்கும். அதுபோக, படத்தில் பேசி நடிக்கவும் ஓர் இடம் கொடுத்தார்கள். மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து, மகளிடம் ஒரு வரி சொல்லிவிட்டு அவர் இறக்க வேண்டும்.

மாமாவுக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. அந்த ஒரு வரியை உலகம் கேட்டுவிட்டால் போதும், அடுத்த படம் தானாக வரும், எஸ்டேட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிடலாம் என்பது அவர் கணக்கு. எங்கள் வீட்டில் மாடிப்படி இல்லாததால் அரிசி மூட்டைமேல் ஏறி நின்று சரிந்தார். "மகளே, இந்த வீட்டு விளக்கை மட்டும் அணைய விடாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். தலை சாயும். நான் கைதட்டுவேன்.

அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள். "விளக்கு வெக்கற நேரத்துல சாவாத தம்பி! நாளைக்குக் காத்தால செத்துக்க."

"காத்தால எனக்கு ட்யூட்டி இருக்குது அக்கா."

அம்மா படப்பிடிப்பு பார்க்கப் போகவில்லை. அப்பா போனார். சாயங்காலம் மாமா முகமெல்லாம் பவுடரோடு திரும்பிவந்து, டைரக்டரே கைதட்டியதாகச் சொன்னார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளைச் சமாதானப்படுத்த மாமா அருகில் போய் உட்கார்ந்தார்.

"செத்து முடிச்சதும் எந்திரிச்சு கேமராவப் பாத்துச் சிரிக்கச் சொன்னாங்க அக்கா. சிரிச்சுட்டுத்தான் வந்தேன். அதுல எல்லா தோசமும் போயிருமாம்."

"நான் பாக்கலியே," என்றாள் அம்மா.

"இப்ப வேணும்னா சிரிக்கறேன், பாரு."

சிரித்துக் காட்டினார். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. செத்தது பொய் என்றால் எதற்கு அழ வேண்டும், சிரித்தது நிஜம் என்றால் எதற்கு அழ வேண்டும் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

மறுநாள் என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வழியில், சாலை வளைவிலிருக்கும் பிள்ளையாரிடம் அம்மா நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் சொல்வதாக நினைத்து வெளியிலேயே சொன்னாள். "அந்த எடம் மட்டும் வராம பாத்துக்க சாமி. செதறுகாய் போடறேன்."

எந்த இடம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. குன்னூர் போகும் பாதையில் மண் சரிந்து பாதிச் சாலை காணாமல்போன ஓர் இடம் உண்டு. பஸ் அங்கே ஊர்ந்துதான் போகும். எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருப்பார்கள். அம்மாவுக்கு அங்கே ரொம்பப் பயம்.

அடுத்த வருஷம் படம் வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு லைன் வீடுகளிலிருந்து பாதிப் பேர் கிளம்பினோம். மாமா அந்தப் போட்டோவுக்கு மாட்டிய கோட்டு போலவே ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கிப் போட்டிருந்தார். பஸ் மண் சரிந்த இடத்தைத் தாண்டியபோது அம்மாவைப் பார்த்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மாமா வந்தார். சட்டத்துக்குள், சந்தன மாலையோடு. எங்கள் வரிசை முழுக்க விசில். கதாநாயகி சந்தோஷமானாலும் துக்கமானாலும் அந்தப் போட்டோவுக்கு முன்னால்தான் வந்து நின்றாள். அதனால் மாமா நிறையக் காட்சிகளில் இருந்தார். அம்மா ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பின்வரிசையிலிருந்து ஃபேக்டரிக்காரர் ஒருவர் குரல் கொடுத்தார். "ஏப்பா, சினிமால நடிச்சியா, இல்ல ஆணில தொங்குனியா?"

"இரு மாப்ள, எறங்கி வருவேன்," என்றார் மாமா. என் காதருகே குனிந்து, "இப்ப வரும் பாரு கண்ணு. அந்த மாடிப்படி வந்துருச்சுல்ல? இப்ப வரும்," என்றார்.

மாடிப்படி பலமுறை வந்தது. கதாநாயகன் ஏறினான், வில்லன் உருண்டான். மாமா வரவில்லை. கடைசியில் எல்லோரும் ஒன்றாக நின்று சிரித்தார்கள், விளக்கு போட்டார்கள்.

மாமா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டென்று அவர் முகம் தெளிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று தியேட்டரில் ஒரு ரீலை ஓட்டாமல் விடுவது அந்தக் காலத்தில் நடப்பதுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு ஆபரேட்டர் அறைக்கு மாடியேறினார். அம்மா கீழேயே நின்றாள்.

"ஏனுங்க, ஒரு ரீல உட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க."

"எந்த ரீலுங்க?"

"நான் சாகற ரீலுங்க."

ஆபரேட்டர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "பொட்டில வந்தது பூராவும் ஓட்டியாச்சுங்க. நீங்கதான் உசுரோட நிக்கறீங்களே, அப்பறம் என்னங்க?"

மாமா கொஞ்சம் சிரித்தார். "அதுவுஞ் செரிதானுங்க," என்றார். இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கினார்.

அதன்பிறகு அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. வேலையில் இருந்தவரை எஸ்டேட்டைவிட்டு எங்கும் போகவுமில்லை. இப்போது வயதாகி, பிள்ளைகளோடு கோயம்புத்தூரில் நலமாக இருக்கிறார். என் அம்மா பிள்ளையாரிடம் கேட்டது அப்படியே கிடைத்தது. அது நல்லதுதானா என்று இந்த ஒரு வாரமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் ஆம் என்று தோன்றுகிறது, மறுநாள் இல்லை.

படம் பார்த்துத் திரும்பிய அன்று பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, மஞ்சு கவிழ்ந்து பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அம்மா வளைவுப் பெட்டிக்கடையில் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்றாள்.

"எதுக்குக்கா காயி?" என்றார் மாமா.

அம்மாவுக்குப் பதிலாக நான்தான் சொன்னேன். "அந்த எடம் வராம இருந்தாக் காயி போடறேன்னு அம்மா வேண்டிக்கிச்சு மாமா. ஆனா அந்த எடம் வந்துச்சே. பஸ்ஸு அதத் தாண்டித்தான வந்துச்சு?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடு அக்கா," என்றார் மாமா. "உனக்குச் செதற ஒடைக்கத் தெரியாது. நான் போடறேன்."

இரவல் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தேங்காயைத் தலைக்குமேல் தூக்கி ஓங்கி அடித்தார். அப்படி ஒரு சத்தத்தை அந்த வளைவில் நான் கேட்டதில்லை. சில்லெல்லாம் சாலையைத் தாண்டித் தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தது. நான் மஞ்சுக்குள் குனிந்து குனிந்து தேடினேன். கையில் கிடைத்ததெல்லாம் நகத்தளவுதான்.

எனக்கு மாமாமேல் ரொம்பக் கோபம். இவ்வளவு பொடியாக உடைத்தால் எப்படிப் பொறுக்குவது, எதைத் தின்பது என்று வீடுவரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன். பிறகு அம்மாவிடமும் திரும்பிக் கேட்டேன். ஒரு தேங்காய்ச் சில்லுக்காக இரண்டு பெரியவர்கள் ஏன் இப்படி முகத்தை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.