இடது மூலைச் செருப்பு

கேபினைத் தாங்கும் தேய்ந்துபோன ரப்பர்களை மாற்ற, திண்டுக்கல் பைபாஸ் ஒர்க்‌ஷாப்பில் அப்பாவின் பழைய லாரி கேபினை மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கினார். இடது மூலையிலிருந்து நசுங்கிய நீலச் செருப்பு ஒன்று விழுந்தது. மூன்றாம் வகுப்பில் நான் தொலைத்தது. அதற்காக அம்மா என்னை அடித்தபோது அப்பா வாயே திறக்கவில்லை.

அந்த வாரம்தான் சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். ஒரு வளைவில் கேபின் டொக்கென்று இடித்துச் சாய, என் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. கீழே பள்ளம்.

“அப்பா, பயமா இருக்குப்பா.”

“ஒண்ணுமில்ல தாயி, சும்மா ஆடுது.”

வண்டியை நிறுத்தி, தோள் துண்டால் என் இடுப்பைத் தன் சீட்டுக் கம்பியோடு கட்டினார். முடிச்சு மூன்று தடவை நழுவியது.

“இந்தப் பக்கம் போல்ட்டே இல்லக்கா,” என்றார் மெக்கானிக். “இம்புட்டு நாளும் வெறும் செருப்பு மேலயா நின்னுச்சு?”

அருகில் நின்ற அப்பா என்னைப் பார்க்கவில்லை. தோள் துண்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார்.