அக்கா கேட்கப் போன குரல்

என் அக்கா தொலைக்காட்சி நிலையத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். அவள் வேலை டேப் அழிக்கிறது. அந்தக் காலத்தில் டேப் கிடைப்பது கஷ்டம். ஒளிபரப்பான நிகழ்ச்சியை ரெண்டு வருஷம் வைத்திருந்து அழித்துவிட்டு, அதிலேயே வேறொன்றைப் பதிவு செய்வார்கள். காலையில் ஆபீசிலிருந்து பட்டியல் வரும், வெறும் நம்பர்தான். அந்த நம்பர் டேப்பை எடுத்து, பதிவை அழிக்கிற காந்தப் பெட்டி மேல் வைத்து நாலு சுற்று சுற்றி, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

"உங்க அக்கா டிவியில வேலை பாக்கிறான்னு சொல்லாதே, டிவிக்கு எதிரா வேலை பாக்கிறான்னு சொல்லு" என்று அத்தான் கேலி செய்வார்.

அக்கா மகள் ஏழு வயதில் குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒரு பாட்டுப் பாடினாள். ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். போட்டோ ரெண்டு இருக்கிறது, குரல்தான் இல்லை. "அவ குரல் எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாத்தா வரமாட்டேங்குதுடி" என்று போன மாதம் அக்கா சொன்னாள்.

குழந்தைகள் நிகழ்ச்சியை அழிக்க மாட்டார்கள், வேறு அறையில் பத்திரமாக வைப்பார்கள் என்று அவளுக்கு எண்ணம். நிலையத்தின் பழைய டேப்பெல்லாம் இப்போது சினிமா மியூசியத்தில் இருக்கிறது, கேட்டால் போட்டுக் காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் ரெண்டு பேரும் கிளம்பினோம். பஸ்ஸில் நான் கடவுளை வேண்டிக்கொண்டே வந்தேன்.

மியூசியம் மாடியில் கண்ணாடிக்குள் அந்தக் காந்தப் பெட்டியே இருந்தது.

"அடி பாவி, இதுக்குக் கண்ணாடிப் பெட்டியா! நாங்க இது மேல டீ டம்ளர் வைப்போம்" என்று அக்கா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அவ்வளவுதான்.

டேப் கேட்கிற மேசையில் ஒரு பெண் இருந்தாள். வருஷம், மாதம், நிகழ்ச்சி எல்லாம் அக்கா மனப்பாடமாகச் சொன்னாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் நம்பரைத் தேடி எடுத்து, உள்ளே போய் ஒரு பழைய நோட்டோடு வந்தாள்.

"அம்மா, அதை அழிச்சிருக்காங்க. இதோ தேதி. யார் கையெழுத்துன்னுதான் தெரியலை."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"என்னுதுதாம்மா."

தேதியை நானும் பார்த்தேன். பிள்ளை போய் ஒரு மாதம் லீவில் இருந்துவிட்டு, அக்கா மறுபடி வேலைக்குப் போன முதல் நாள்.

"நம்பரைப் பாத்து எடுத்தே. அவ பாட்டு அதுல இருந்துச்சுன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன்.

"சுத்தும்போது கையில லேசா அதிரும்டி. அன்னைக்கும் அதிர்ந்திருக்கும்."

அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்து அக்காவை உட்காரச் சொன்னாள். அக்கா நின்றுகொண்டே கேட்டாள்: "அந்த டேப்பாவது இருக்கா?"

"இருக்கும்மா. ஆனா அதுல இப்ப வேற நிகழ்ச்சி. தண்ணி மோட்டாரை எப்படிப் பராமரிக்கிறதுன்னு…"

"அதைப் போடுங்க."

சின்ன அறையில் உட்கார்ந்து பார்த்தோம். முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் மோட்டாரைக் கழற்றினார், எண்ணெய் விட்டார், திரும்ப மாட்டினார். அக்கா கண் இமைக்கவில்லை. கடவுளிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் நான் வெறுமனே கைகூப்பி இருந்தேன்.

நிகழ்ச்சி முடிந்து திரை வெறும் புள்ளியாகி இரைந்தது. அந்தப் பெண் நிறுத்தக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா. கடைசி வரைக்கும் ஓடட்டும்."

மிச்சமிருந்த எட்டு நிமிஷமும் அக்கா அந்த இரைச்சலைக் காது சாய்த்துக் கேட்டாள். ஒரு முனகல்கூட மிஞ்சவில்லை. அக்கா தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தாள்.